ஜடேஜாவுக்கு அழுத வீட்டில் ஹியூஸுக்கு அழக்கூடாதா?

கேள்வி:

எனக்கு வயது 27. வீடு தண்டையார்பேட்டை. கனடாவில் வான்கூவர் நகரத்து இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்து தரும் ஆபீஸில் நைட் ஷிஃப்ட். ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் காலை ஆறரைக்குத்தான் எழுந்திருப்பேன். இந்த வேலைக்கு வரும்வரை எனக்கு ஐஸ் என்றால் காசிமேட்டில் மீன் மேல் உடைத்துக் கொட்டுகிற ஐஸ் பார் மட்டும்தான். அந்த ஊர் மேனேஜர் கால் தொடங்கும்போதெல்லாம் "நேத்து கேனக்ஸ் ஆட்டம் பார்த்தியா?" என்று கேட்பார். பதில் சொல்லவாவது வேண்டுமே என்று ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தேன். கேனக்ஸ் அந்த ஊர் அணி. அதில் குவின் ஹியூஸ் என்று ஒருவர். மலை மாதிரி ஆட்களுக்கு நடுவில் சின்ன உருவம். எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டுப் பக்கத்தில் 'பக்'கை, அதாவது பந்துக்குப் பதில் இருக்கும் ரப்பர் வட்டை, வைத்துக்கொண்டு ஒரு தோளை லேசாகச் சாய்ப்பார். எதிரில் நிற்பவன் அதை நம்பி அந்தப் பக்கம் சாய்வான். இவர் அதற்குள் மறுபக்கம் போயிருப்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. வான்கூவரில் இரவு ஏழு மணி ஆட்டம் நமக்குக் காலை எட்டரை. வேலை முடிந்து வந்து, குளித்து, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கச் சரியாக இருக்கும்.

2025 டிசம்பர் 13, சனிக்கிழமை காலை. வீட்டுக்கு வரும் கேபில் போனைத் திறந்தால், அவரை அமெரிக்காவின் மினசோட்டா வைல்ட் அணிக்கு டிரேட் செய்துவிட்டார்கள். மின்ட் வரை அழுதுகொண்டே வந்தேன். டிரைவர் அண்ணன், "வீட்ல யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். அம்மா இது லவ் ஃபெயிலியர் என்று முடிவு கட்டி, பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தார். தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். "உனக்கும் கனடாவுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்கிறான். இத்தனைக்கும் நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்த அன்று சாப்பிடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவன் அவன்.

கோபத்தில் ஹியூஸின் சமூக வலைத்தளப் பக்கத்தில் 'துரோகி' என்றும் அதற்கு மேலும் எழுதிவிட்டேன். மறுநாள் அழித்தேன், ஆனாலும் உறுத்துகிறது. தீபாவளி போனஸில் வாங்கிய 43ஆம் எண் ஜெர்சி பீரோவில் கிடக்கிறது. ஐந்து வாரமாகியும் மனசு ஆறவில்லை. பகலில் தூங்காமல் அந்த டிரேட் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். இனி நான் அவரைப் பார்ப்பதா, கேனக்ஸைப் பார்ப்பதா? எனக்குப் புத்திதான் கெட்டுவிட்டதா?

பதில்:

புத்தி கெடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிம்மதியாகப் படிக்கலாம்.

உங்கள் தம்பியிடமிருந்தே தொடங்குவோம். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் ஜடேஜா. தோனி அவரை அப்படியே தூக்கிக்கொண்டது இன்னும் பலர் கண்ணில் நிற்கிறது. அவரைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள் என்ற செய்தி வந்த அன்று உங்கள் தம்பி மட்டும் படுக்கவில்லை, பாதி சென்னை முகம் தொங்கிப் போயிருந்தது. டீக்கடையில் நின்றால் யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள். திட்டுவதற்குத் துணை, "சாம்சனும் நல்ல பிளேயர்தான்பா" என்று சமாதானம் சொல்ல ஆள், எல்லாம் தெருவிலேயே கிடைத்தது. உங்கள் அம்மாவும் அன்றைக்கு அவனுக்காகப் பூசணிக்காய் உடைத்திருக்க மாட்டார். "வந்து ரெண்டு தோசை சாப்பிடுடா" என்றிருப்பார்.

உங்களுக்கு வந்ததும் அதே வலிதான். ஆனால் தண்டையார்பேட்டையில் குவின் ஹியூஸ் போய்விட்டார் என்று சொன்னால் 'யாரும்மா அவர்?' என்பார்கள். துக்கம் விசாரிக்க ஆளில்லாத துக்கம் இது. கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார். கருக்கலைந்த தாய், வளர்த்த நாயைப் பறிகொடுத்தவர், ஊருக்குத் தெரியாத காதலைத் தொலைத்தவர் என்று, அழ உரிமை இல்லாதவர்களின் இழப்பு ஆறுவதற்கு ஏன் அதிக நாள் ஆகிறது என்பதுதான் அதன் விஷயம். உங்கள் இழப்பு அவ்வளவு பெரியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வாரமாக இழுப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. கேலி செய்தால் துக்கம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

தம்பி கேட்ட 'என்ன சம்பந்தம்' என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா? அந்தப் பெயர் 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லியுடையது. அவருடைய அப்பா ஃபிரெடெரிக் ஸ்டான்லி பிரபு, அதற்கும் முன்னால் கனடாவின் கவர்னர் ஜெனரல். 1892இல் அவர் ஹாக்கிக்கு ஒரு கோப்பை கொடுத்தார். என்ஹெச்எல் என்கிற அமெரிக்க, கனடா ஐஸ் ஹாக்கி லீகின் அணிகள் அத்தனையும் இன்றுவரை உயிரைக் கொடுத்து ஆடுவது அந்த ஸ்டான்லி கோப்பைக்குத்தான். அப்பா பெயரில் கோப்பை, மகன் பெயரில் நம்மூர் ஆஸ்பத்திரி. இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டுப் பெண் இசபெல், ஐஸில் ஹாக்கி மட்டையைப் பிடித்த முதல் பெண்களில் ஒருவர். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது ஆரம்பித்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, இனி கோபத்துக்கு வருவோம். கோபம் வந்ததில் தப்பில்லை, போன இடம்தான் தப்பு. ஐபிஎல்லில் ஒருவரை டிரேட் செய்ய வேண்டுமானால் அவர் சம்மதம் வேண்டும். ஜடேஜா சரி என்றதால்தான் அது நடந்தது. என்ஹெச்எல் அப்படியில்லை. என்னைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் வாங்கி வைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. மற்றவர்களுக்கு ஒரு போன் வரும், மறுநாள் விமானம் ஏற வேண்டும். ஹியூஸின் ஒப்பந்தம் 2027 கோடையோடு முடிகிறது. அதற்கப்புறம் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம், கேனக்ஸுக்கு அதில் சல்லிக்காசு தேறாது. தம்பிகள் ஜாக்கும் லூக்கும் நியூ ஜெர்சி அணியில் ஒன்றாக ஆடுகிறார்கள். அண்ணனுக்கும் அந்த ஆசை இருக்கும் என்ற பேச்சு ரொம்ப நாளாகவே ஓடிக்கொண்டிருந்தது. அணியோ டிசம்பரில் பட்டியலின் அடியில் கிடந்தது. போகப்போகிறவரைக் கடைசிவரை வைத்திருந்து வெறுங்கையோடு நிற்பதை விட, விலை இருக்கும்போதே கொடுத்து நாலு இளம் ஆட்களை வாங்குவோம் என்று நினைத்திருக்கிறார்கள். மளிகைக்கடைக் கணக்குதான். உங்களுக்குப் பிடிக்காத கணக்கு, ஆனால் சூழ்ச்சி எதுவும் இல்லை.

அதில் வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கோ ராஸி, ஸீவ் பூயியம், லியாம் ஓகிரென், கூடவே 2026இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்று வாய்ப்பு ஒன்று. பூயியத்துக்கு 20 வயது. ஹியூஸைப் போலவே தடுப்பாட்டக்காரர். என்ஹெச்எல்லில் இதுதான் அவருக்கு முதல் முழு சீசன். அது பாதியில் இருக்கும்போதே மூட்டை கட்டச் சொல்லி, அந்த ஊரே கொண்டாடிய ஒருவரின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் அழுதுகொண்டு வந்த அதே காலையில் மினசோட்டாவிலும் யாராவது அந்தப் பையனுக்காக அழுதிருப்பார்கள்.

'துரோகி' என்று எழுதியதற்கு வருகிறேன். வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிற பையன்கள் சிலரை எனக்குத் தெரியும். ஏரியா அணியின் நல்ல ஆட்டக்காரன் ஒருவனுக்கு ரயில்வேயிலோ வங்கியிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தால் அவன் இனி அந்த அணிக்கு ஆடுவான். பழைய அணிக்கு அது பெரிய அடி. ஆனால் தெருவில் யாரும் அவனைத் துரோகி என்பதில்லை. பேனர் வைப்பார்கள், அம்மா கையால் ஸ்வீட் கொடுப்பார்கள். அவன் பிழைப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஹியூஸ் லட்சம் லட்சமாக, இல்லை, கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார் என்பதால் நமக்கு அது பிழைப்பாகத் தெரிவதில்லை. அழித்துவிட்டீர்கள், நல்லது. மன்னிப்புக் கேட்டு இன்னொன்று எழுதலாமா என்று தோன்றும். வேண்டாம். அவர் முன்னதையும் பார்த்திருக்க மாட்டார், இதையும் பார்க்கப்போவதில்லை. பல்லாயிரம் பேர் எழுதுகிற இடத்தில் உங்கள் குரல் மட்டும் தனியாகக் கேட்காது. கேட்கும் என்று நம் மனசு நினைப்பதைத்தான் ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு பேர் 1956லேயே எழுதினார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் தினமும் வீட்டுக்குள் வந்து பேசினால் அவரை நண்பர் என்றே நாம் கணக்கில் வைத்துக்கொள்கிறோம், அவருக்கோ நாம் இருப்பதே தெரியாது என்று. மனித மனசு அப்படித்தான் வேலை செய்கிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நண்பர் நம்மை விட்டுவிட்டுப் போனார் என்று சண்டைக்குப் போகும்போது மட்டும், அவர் நம்மிடம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நேரக் கணக்கு நிறைய இருக்கிறது. ஒன்பதரை, ஆறரை, எட்டரை. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களோடு எனக்குப் பழக்கம் அதிகம் என்பதால் அது கண்ணில் பட்டது. ஊர் எழுந்து கிளம்புகிற நேரத்தில் நீங்கள் வீட்டுக்குள் நுழைகிறீர்கள். தம்பி பைக்கை எடுக்கிறான், அம்மா தண்ணி பிடித்து, சமையலை முடித்து, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். மற்றவர்களுக்கு இரவு எட்டரை என்று ஒன்று இருக்கிறது. வேலை முடிந்து, காலை நீட்டி, வீட்டாரோடு எதையாவது பார்த்துச் சிரிக்கிற நேரம். உங்களுக்கு அது காலை எட்டரை, கூட உட்கார ஆளில்லை. அந்த இரண்டரை மணி நேரத்துக்குத் துணையாக இருந்தவர்தான் ஹியூஸ். மினசோட்டாவில் இரவு ஏழு மணி என்றால் நமக்குக் காலை ஆறரை. நீங்கள் ஹெட்செட்டைக் கழற்றும்போது அவர் ஆட்டம் தொடங்குகிறது, கேப் தண்டையார்பேட்டைக்கு வந்து சேரும்போது பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. அவர் சட்டையை மட்டும் மாற்றியிருந்தால் நீங்கள் இவ்வளவு துவண்டிருக்க மாட்டீர்கள். உங்கள் நாளில் இருந்த அந்த நேரத்தையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டார். அங்கே இப்போது டிரேட் பற்றிய கட்டுரைகளையும் சண்டைகளையும் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால்தான், அவரா அணியா என்ற கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நடைமுறையாக இருக்கும். எட்டரை மணி ஆட்டத்தை விடாதீர்கள். கேனக்ஸ் தோற்கட்டும், பரவாயில்லை. அந்த அணி 1970இல் என்ஹெச்எல்லுக்கு வந்தது, மூன்று முறை இறுதிவரை போயும் ஸ்டான்லி கோப்பையைத் தொட்டதில்லை. தோல்வியோடு குடும்பம் நடத்திப் பழகிய ரசிகர்கள் அவர்கள், உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். பூயியம் பக்கை எடுத்துக்கொண்டு ஏறுவதைப் பாருங்கள். ஹியூஸோடு ஒப்பிட்டு மார்க் போடாமல் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. வைல்ட் ஆட்டத்தை லீவு நாளில் பாருங்கள், அல்லது எழுந்தபிறகு சுருக்கத் தொகுப்பைப் பாருங்கள். 2026 பிப்ரவரியில் இத்தாலியில் குளிர்கால ஒலிம்பிக் வருகிறது. 2014க்குப் பிறகு இப்போதுதான் என்ஹெச்எல் ஆட்டக்காரர்களை அனுப்புகிறார்கள், ஹியூஸ் அமெரிக்க அணியில் இருக்கிறார். அங்கே மதியம் ஆட்டம் இருந்தால் நமக்கு அது மாலையில் வரும். ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் காபியோடு பார்க்கலாம்.

இரண்டு படகில் கால் வைக்கலாமா என்று கேட்டால், கனடாவின் இன்னொரு ஹாக்கி ஊரான எட்மண்டன்காரர்கள் வைத்தார்கள். 1988 ஆகஸ்ட் 9 அன்று வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு விற்றார்கள். ஐந்து வருடத்தில் நாலு கோப்பை வாங்கித் தந்தவர். பேட்டி கொடுக்க வந்த இடத்தில் பேச முடியாமல் அழுதார். கிளப் முதலாளியின் கொடும்பாவியை எரித்தார்கள், கனடா நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அரசாங்கமே தலையிட்டு இதை நிறுத்த வேண்டும் என்றார். மின்ட் வரை அழுததற்கு நீங்கள் கூச்சப்படுகிறீர்கள்! மறுவருடம் அதே ஊரில், அரங்கத்துக்கு வெளியே கிரெட்ஸ்கிக்குச் சிலை வைத்தார்கள். அதே வருடம் அவருடைய புது அணி எட்மண்டனை ஏழு ஆட்டத் தொடரில் தோற்கடித்து வெளியே அனுப்பியும் இருந்தது. 1990இல் அவர் இல்லாமலே எட்மண்டன் மறுபடி கோப்பையைத் தூக்கியது. அவருக்குத்தான் அதன்பின் ஒரு கோப்பைகூட அமையவில்லை. இதில் யார் பக்கம் நின்றவர்கள் சரி என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நீங்களும் இந்த சீசன் முடியும்வரை முடிவு எதுவும் எடுக்க வேண்டாம்.

ஜெர்சியை விற்காதீர்கள், கோபத்தில் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். நல்ல காசு போட்டது. மடித்து வையுங்கள், ஒருநாள் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

தூக்கம் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. நைட் ஷிஃப்ட்காரர்களுக்குப் பகல் தூக்கம் ஏற்கெனவே அரைகுறை. வெளிச்சம், குக்கர் விசில், கீழே தண்ணீர் லாரி என்று எத்தனையோ தொந்தரவு. அதில் போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று மதியம் இரண்டு மணி வரை படித்தால், எந்த வருத்தமும் இரண்டு மடங்காகத்தான் தெரியும். ஆட்டம் முடிந்ததும் போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள், அலாரத்துக்குத் தனியாக ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கனமான துணி. டிரேட் பற்றிப் படித்தே தீர வேண்டும் என்றால் சாயங்காலம் எழுந்தபின் கால் மணி நேரம் படியுங்கள், போதும். இப்படிச் செய்தும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், வேலையில் தப்புகள் வர ஆரம்பித்தால், அல்லது எதிலுமே பிடிப்பில்லாமல் போனால், அது ஹாக்கியைத் தாண்டிய விஷயம். ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, ராத்திரி ஷிஃப்டின் இடைவேளையில்கூட அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இன்னொன்று. டிரேடுக்குப் பிறகு உங்கள் மேனேஜர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பேச்சை நீங்கள் தவிர்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உங்களுக்கு டீக்கடை கிடைக்காத குறை என்றேனே, இந்த விஷயத்தில் அந்த மனிதர்தான் உங்கள் டீக்கடை. ஹியூஸ் கேப்டனாகி, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை வாங்கி, அணி ஏழாவது ஆட்டம் வரை போய் எட்மண்டனிடம் தோற்ற அந்த 2023-24 சீசனை உங்களோடு சேர்ந்து பார்த்தவர். அடுத்த கால் தொடங்கும்போது அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். முதல் ஐந்து நிமிடம் வேலை நடக்காது, பரவாயில்லை.

தம்பியோடு சண்டை போட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரவைத்து அந்தத் தோள் சாய்க்கிற ஆட்டத்தை அவனுக்கு ஒரு தடவை காட்டுங்கள். கிரிக்கெட் பார்க்கிற கண்ணுக்கு அது புரியும், ஏமாந்து ஸ்டம்பிங் ஆனவர்களை அவன் நிறையப் பார்த்திருப்பான்.

அம்மாவிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். படத்தைக் காட்டி, இவர்தான், கனடாவில் ஆடிக்கொண்டிருந்தார், இப்போது அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள், என்னை அவருக்குத் தெரியவே தெரியாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். முதலில் நம்ப மாட்டார். தள்ளிப்போட வேண்டாம், தை பிறந்துவிட்டது. காதல் தோல்விதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா இதற்குள் ஜாதகத்தை வெளியே எடுத்து தரகரிடம் கொடுத்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.